தன்னைத் தானே உழும் மண்

அந்த மண் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த அன்று நான் நல்ல கோபத்தில் இருந்தேன். மொன்றியலின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் விவசாய வளாகத்தில் கனகாலமாக மண் ஆய்வுகூட உதவியாளனாக வேலை செய்கிறேன். எந்த ஊரிலிருந்து மண் வந்தாலும் அதை இறக்குவது, உலர்த்துவது, இடிப்பது, அரிப்பது எல்லாம் என் தலையில்தான் விழும். அன்று வந்தவை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகள். மேற்கே, வின்னிபெக்குக்குத் தெற்கே பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளியின் கறுப்புக் களிமண். ஒரு வாளியைத் திறந்து கரண்டியை விட்டேன். உள்ளே போன கரண்டி வெளியே வர மறுத்தது. பலத்தைக் கூட்டி இழுத்தேன், கரண்டியோடு வாளியும் எழும்பி வந்தது.

அந்தப் பக்கத்து விவசாயிகள் இதற்குக் கம்போ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம். மழை நாளில் வயலுக்குள் இறங்கினவன் சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வீடு திரும்புவான் என்று எங்கள் பேராசிரியை சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரை, கைப்பிடி, என் காற்சட்டை, கண்ணாடி எல்லாவற்றிலும் அது அப்பிக் கிடந்தது.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்த மனைவி என் கோலத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். எங்கள் கல்யாணம் பேசியபோது என் சொந்தக்காரர் அத்தனை பேரும், மட்டக்களப்புக்காரி மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவாள், கவனம் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள்.

"உங்கட ஆக்கள் என்னைப் போய்ச் சொன்னாங்க. ஒட்ட வைக்கிறது ஆரெண்டு இப்ப பாத்தீங்களா?" என்றாள்.

எனக்குக் கொடுத்த வேலை லேசானது. அந்த மண்ணை ஆழமான தொட்டிகளில் நிரப்ப வேண்டும். நனைக்க வேண்டும், காயவிட வேண்டும், திரும்ப நனைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என்ன நடக்கிறது என்று அளக்க வேண்டும். மண்ணில் அப்படி என்ன நடந்துவிடப் போகிறது என்றுதான் தொடங்கினேன்.

நனைத்தபோது மண் ஊதிப் பெருத்துத் தொட்டியின் விளிம்புக்கு மேல் தலையைத் தூக்கியது. காய்ந்தபோது சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியது. பிறகு நடுவில் வெடிக்கத் தொடங்கியது. முதலில் ஒரு கோடு, அடுத்த கிழமை விரல் போகும் இடைவெளி, அதற்குப் பிறகு என் கை முழங்கை வரை உள்ளே போனது. மேலே இருந்த பொடி மண் அந்த வெடிப்புகளுக்குள் சொரிந்து விழுந்தது. திரும்ப நனைத்ததும் வெடிப்புகள் வாயை மூடிக்கொண்டன. மேல்மண் உள்ளே போய்விட்டது. இடமில்லாமல் நெருக்குப்பட்ட அடிமண் மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டது.

மேல்மண்ணுக்கு ஒரு அடையாளம் போட்டுப் பார்ப்போம் என்று பேராசிரியை சொன்னார். மனைவி அப்போது ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் இருந்தாள். அங்கே பிள்ளைகள் கோர்த்து விளையாடும் நிறநிறமான மணிகளில் ஒரு பிடி வாங்கிவந்து தொட்டிகளின் மேல் தூவினேன். நனைத்தும் காயவிட்டும் பல மாதம் போனபிறகு ஒரு தொட்டியைப் பிரித்தோம். அடியிலிருந்து ஒரு மஞ்சள் மணியை எடுத்தேன். அதை யாரும் தொடவில்லை, கிண்டவில்லை. மண் தன் மேற்புறத்தைத் தானே விழுங்கியிருந்தது. உழுகிறவன் இல்லாமல், ஏர் இல்லாமல், அது தன்னைத் தானே உழுதுகொண்டிருந்தது. அந்த மணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை, அங்கே நான் சப்பாத்தை எங்கே விட்டேன் என்ற யோசனையில் நிற்கிறவன்.

அதற்குப் பிறகு அந்த மண்ணைப் பற்றி யார் எது சொன்னாலும் காதைக் கொடுத்தேன். அந்தச் சமவெளியில் நிலவறைச் சுவர்கள் பிளக்கின்றனவாம், வேலிக் கம்பங்கள் சாய்கின்றனவாம், நேராகப் போட்ட வீதி சில வருடத்தில் அலை அலையாக எழும்பிவிடுமாம். பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் களிமண்ணை நம்பாமல் அதையும் தாண்டிக் கீழே தூண் இறக்குகிறார்களாம். குளம் வெட்டுகிறவனுக்கு மட்டும் அது வரம், அடியில் மிதித்துப் பரப்பினால் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது. மழை பொய்த்த கோடையில் சுற்றியுள்ள மணல் நிலமெல்லாம் கருகிப்போக, கம்போவில் கோதுமை பச்சையாக நிற்கும். அவ்வளவு தண்ணீரை அது உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. முழுவதையும் பயிருக்குக் கொடுக்காது என்பது வேறு கதை. கடைசிப் பங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அந்த விஷயத்தில் அது என் பெரியப்பாவின் சாதி.

ஒரு காலத்தில் பனிப்பாறைகள் உருகி அந்தச் சமவெளி முழுவதும் கடல் போல ஓர் ஏரி கிடந்ததாம். அசையாத தண்ணீரில் மாவிலும் மெல்லிய துகள்கள் காலம் காலமாகக் கீழே படிந்ததுதான் இந்தக் களி. மொன்றியலும் அப்படித்தான், இங்கே நின்றது உண்மையான கடல். எங்கள் வீட்டுக்குக் கீழே, நான் பால் வாங்கும் டெப்பனர் கடைக்குக் கீழே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் தாண்டி விரியும் வயல்களுக்குக் கீழே எல்லாம் கிடப்பது கடலின் அடிமண். இதைக் கேட்டபிறகு சில நாள் நான் கார் ஓட்டும்போதுகூட மெதுவாகத்தான் ஓட்டினேன்.

இதற்கிடையில் மனைவி வேலை செய்த கார்தெரியை மூடிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தவள் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"இவ்வளவு காலமும் மற்றவங்கட பிள்ளையள வளத்தன். இனி எனக்கெண்டு ஒண்டு வளக்கப் போறன்."

எனக்குச் சாப்பாடு தொண்டையில் அடைத்தது. அவள் சொன்னது மிளகாயை. லொங்குய்ய்க்கு அப்பால் வயது போன கெபெக் விவசாயி ஒருவரிடம் சின்னத் துண்டு நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பேசி வைத்திருந்தாள். கத்தரி, மிளகாய், வெண்டி போட்டுத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பது அவளுடைய திட்டம். அவளுடைய பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு, மனுசனோடு சரளமாகக் கதைத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தாள். என் பிரெஞ்சு பொங்ஷூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும் என்பதால் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டு பல வருடம் ஆகியிருந்தது.

மே மாதம் மழை விடாமல் பெய்தது. நிலக்காரர் தன் தங்கச்சிக்குச் சுகமில்லை என்று வேறு ஊருக்குப் போயிருந்தார். நான் வந்து பார்த்துச் சொல்லும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் நிலவறையில் விளக்குப் போட்டு அவள் வளர்த்த நாற்றுகள் தட்டை விட்டு வழிந்துகொண்டிருந்தன. இங்கே கோடை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவளுக்குப் பொறுக்க முடியவில்லை.

அவளுடைய அப்பா நெல் விதைத்த ஆள். மட்டக்களப்பில் வெள்ளாமை என்றால் தண்ணீர் கட்டி, சேறு கலக்கி உழுது, பலகை அடித்து மட்டப்படுத்துவது. மண்ணைப் பண்படுத்துவது என்றால் அவள் கண்ணால் கண்டது அதைத்தான். ஈர நிலத்தைக் கண்டதும், உழவுக்கு இதைவிட நல்ல பதம் கிடைக்குமா என்று சந்தோஷப்பட்டாள். ஒரு சனிக்கிழமை இரண்டு சில்லு உழவு மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். அவள் மெஷினைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை சேற்றோடு போனதைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு அழகு. போன தடத்திலேயே திரும்பி வந்து, மறுபடி போய், நிலத்தைக் கூழாக்கினாள். பிறகு ஒரு நீளப் பலகையில் கயிறு கட்டி நானும் அவளும் இழுத்தோம். பின்னேரம் அந்த நிலம் தடவிவிட்டது போலப் பளபளவென்று கிடந்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் தண்ணீர் ஊற்றிய கையோடு காணாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அது கைதட்ட வேண்டிய காட்சியாகவே இருந்தது. ஆய்வுகூடத்து மண்ணை நான் அளந்திருக்கிறேன், உழுததில்லை.

நெல்லுக்கு அது சரி. சேறாக்கினால்தான் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும், நெல்லுக்கு வேண்டியது அதுதான். மிளகாய்க்கு வேண்டியது மண்ணுக்குள் காற்று. நாற்று நட்ட அடுத்த கிழமை மழை நின்று வெயில் கொளுத்தியது. மேல் மண் வெளுத்து இறுகியது. கொஞ்ச நாளில் இரும்புக் கம்பியைக் குத்தினால் கம்பி வளைந்தது. ஊற்றின தண்ணீர் மேலேயே ஓடிப் பக்கத்து வாய்க்காலில் விழுந்தது. நாற்றுகள் ஒவ்வொன்றாக மஞ்சள் பூத்து நின்ற இடத்திலேயே செத்தன.

நிலக்காரர் திரும்பி வந்து ஒரு கட்டியைக் கிளப்பி எடுத்துப் பாதையில் போட்டார். அது செங்கல் விழுந்த சத்தத்தோடு விழுந்தது, உடையவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. மண்ணுக்கு மூச்சு இல்லாமல் போய்விட்டது, திரும்பி வர வருடக்கணக்காகலாம் என்றார். மண் காய்ந்த ஒரு நாளாகப் பார்த்துத் தானே பெரிய கலப்பையால் புரட்டிவிடுவதாகவும், குளிர்காலம் கழிந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார். தேறவில்லை என்றால் அந்தத் துண்டையும் பக்கத்தில் சோளம் போடுகிறவரிடம் கொடுத்துவிடுவார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தில் ஏறினோம். "ஒரு வயலையே சாகடிச்சுப்போட்டனே" என்றாள். அதற்குப் பிறகு வயல் பக்கம் போகவே இல்லை. சமைத்தாள், கோயிலுக்கு வந்தாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஆனால் அந்த வெளிச்சம் அணைந்துவிட்டிருந்தது, எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் அவளே கேட்டாள். "உங்கட அந்தக் கம்போவில மிச்சம் கிடக்கா?"

"கிடக்கு. எறியப்போற மண். ஏன்?"

"என்ட பிழைய அதில செய்து பாப்பம். அது எண்டாலும் எழும்புதா எண்டு பாப்பம்."

பேராசிரியையிடம் கேட்டேன். எறியப்போகிற மண்தானே, கொண்டுபோங்கள் என்றார். வேலை முடிந்தபிறகு ஆய்வுகூடத்துப் பின்முற்றத்தில் ஒரு பழைய தொட்டியை வைத்து நிரப்பினேன். அவள் தண்ணீர் ஊற்றி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி மிதித்தாள். கோபத்தோடு மிதித்தாள். யார் மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை. மிதித்துக் கூழாக்கி, ஒரு பலகைத் துண்டால் மட்டப்படுத்தி, காயவிட்டாள். அது கல்லானது. சம்மட்டியால் அடித்துப் பெரிய பெரிய கட்டிகளாக உடைத்து, இலையுதிர்கால மழையில் நனைய அப்படியே விட்டோம்.

பிறகு குளிர்காலம் வந்தது.

குளிர்காலத்தைப் பற்றி என்னிடம் யாரும் நல்ல வார்த்தை கேட்டதில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் திட்டித்தான் வருகிறேன். பனி வழிக்கும்போது திட்டுவேன், கார் உறைந்து கிடக்கும்போது திட்டுவேன், சனவரியில் வெளியே நின்று பொங்கல் பானை வைக்கும்போது சூரிய பகவானையும் சேர்த்துத் திட்டுவேன். இந்தக் குளிரால் மனிசருக்கு ஒரு சதத்துக்குப் பிரயோசனம் உண்டா என்பது என் வழக்கமான கேள்வி.

அந்த வருடம் மட்டும் ஒவ்வொரு நாளும் மதியம் பின்முற்றத்துக்குப் போய் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பனி மூடிக் கிடந்தது, வயலும் அப்படித்தானே கிடக்கும் என்று நானும் அதைத் தொடவில்லை. உள்ளே நடப்பதைப் பேராசிரியை எனக்கு விளக்கியிருந்தார். களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் மெல்லிய தகடுகளாக உறைகிறது. உறைந்த தகடு பக்கத்து ஈரத்தையெல்லாம் தன்னிடம் இழுத்துத் தடிக்கிறது. ஈரத்தை இழந்த மண் இரண்டு தகடுகளுக்கு நடுவில் நெருக்குப்பட்டுச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிகிறது. வெயில் எறித்தால் இளகும், குளிர் வந்தால் திரும்ப உறையும். எந்தச் சம்மட்டியும் போக முடியாத இடத்துக்குள் புகுந்து, நான் திட்டிக்கொண்டிருந்த அதே குளிர் வேலை செய்துகொண்டிருந்தது.

மார்ச் மாதக் கடைசியில் பனி உருகி, தொட்டியின் மேற்பரப்பு காய்ந்திருந்த ஒரு மத்தியானம், ஒரு கட்டியில் விரலை வைத்தேன். வைத்தது மட்டும்தான். அது குறுணி குறுணியாக உதிர்ந்தது. அடுத்த கட்டியைத் தொட்டேன், அதுவும் உதிர்ந்தது. சம்மட்டிக்குத் திமிறிய மண் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐம்பது கடந்த மனுசன் ஒரு தொட்டி மண்ணுக்கு முன்னால் கண் துடைப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

அவளுக்குப் போன் அடித்தேன். காரை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் அள்ளி, விரலிடுக்கால் சொரியவிட்டாள். திரும்ப அள்ளி, திரும்பச் சொரியவிட்டாள்.

"இது உங்கட கம்போ. தன்னைத் தானே உழுற மண். என்ட மண் வேற" என்றாள் கடைசியில்.

அவள் சொன்னது சரி. எங்கள் பக்கத்துக் கடற்களி கம்போவைப் போல ஊதிச் சுருங்குகிற மண் அல்ல. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று சொல்லலாம், ஒன்று செய்வதை மற்றதும் செய்யும் என்று நிச்சயமில்லை. எனக்கும் அது தெரியும்.

மே மாதம் நிலக்காரர் அழைத்தார். வந்து பாருங்கள் என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்க போய்ப் பாத்திட்டு வாங்க" என்றாள்.

"இந்தக் கதை வேண்டாம். நீர் உழுத நிலம், நீரே வந்து பாரும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் போல வந்து காரில் ஏறினாள்.

லொங்குய்ய் வீடுகள் முடிந்ததும் நிலம் தட்டையாக விரிந்தது. நிலக்காரர் மண்வெட்டியோடு நின்றார். ஒரு பொங்ஷூர் சொல்லிவிட்டு நேராக வயலுக்குள் நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். அவர் ஒரு கட்டியைச் சப்பாத்து நுனியால் தட்டினார். அது உதிர்ந்தது. இன்னொன்றைத் தட்டினார், அதுவும் உதிர்ந்தது. பிறகு தோண்டினார். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு மண் குறுணியாக, மூச்சோடு இருந்தது. அதற்குக் கீழே இன்னும் பலகை பலகையாக இறுகிக் கிடந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை. பாதி நிலத்தில் வேர் ஆழமாக இறங்கும் குளோவர் தீவனப் பயிரைப் போடுங்கள், அது கீழே உடைக்கும், மற்றப் பாதியில் உங்கள் மிளகாயை நடுங்கள் என்றார். குளிர்காலம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று தோளைக் குலுக்கிவிட்டு, மேல் மண்ணைக் கிளறிவிட டிராக்டரை எடுக்கப் போனார். அவருக்கு அது ஒவ்வொரு வருடமும் நடக்கிற விஷயம்.

அவள் அந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். நல்ல கோட்டோடு, மண்ணில். இரண்டு கையையும் மண்ணுக்குள் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நான் ஒண்டுமே செய்யல்ல. வீட்டில சும்மா இருந்தன். அது தானாத் தன்னைச் சரியாக்கிட்டுது" என்றாள்.

 நானும் பக்கத்தில் இருந்தேன். காற்சட்டை நனைந்து குளிர் ஏறியது. எவ்வளவு பெரிய காரியம் எங்களுக்குக் கீழே சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது என்று நினைக்க, எனக்குப் பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

டிராக்டர் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். நேரே போய், வயலின் தாழ்ந்த மூலையில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். உதிர்ந்திருந்தால் பதம் என்று அர்த்தம். அது உதிரவில்லை, இடியப்ப இழை போல நீண்டது. அவள் கையை உயர்த்தி டிராக்டரை மறித்தாள். நிலக்காரர் என்ஜினை நிறுத்தினார். இந்த மூலை இன்னும் ஈரம், இதை இன்றைக்குத் தொட வேண்டாம் என்று அவள் பிரெஞ்சில் சொல்லி, அந்த இழையைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் வயல், மதாம். நீங்கள் சொன்னால் சரி" என்றார். பிறகு டிராக்டரை அந்த மூலையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்.